மாசிக்காய் மையில் அபிகேலின் கடிதங்கள்

மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். மதுரையில் எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் உரைமருந்துச் சாமான்களோடு மாசிக்காயைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஓக் மரத்தின் இளங்கிளையில் ஒருவகைக் குளவி முட்டையிட்டால், அந்த இடத்தைச் சுற்றி மரம் திரட்டிக்கொள்ளும் உருண்டை அது. அதை இடித்து ஊறவைத்து அன்னபேதியும் பிசினும் சேர்த்தால் மை கிடைக்கும் என்பதைப் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில்தான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பல நூற்றாண்டுகள் எழுதியது இந்த வகை மையில். அபிகேல் ஆடம்ஸ் தன் கணவருக்கு எழுதியதும் இதில்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நூலகத்தில் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுத்து, அரக்கை உடைத்து, மடிப்பைப் பிரித்துப் படிக்கும்படியாகப் பழங்கடிதங்களின் நகல்களைச் செய்து தருகிறார். அசலைப் பிள்ளைகள் தொட முடியாது. அச்சிட்ட படத்தைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் கந்தல் துணிக் கூழில் செய்த தாள், இறகுப் பேனா, மாசிக்காய் மை, அரக்கு முத்திரை என்று எல்லாம் அன்றைய முறைப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

எழுதுவதை முதலில் தொட விடமாட்டார். மை, பிறகு பேனா, பிறகு மடிப்பு, கடைசியில்தான் கடிதம். இந்த வரிசை எனக்கு முதலில் பொறுமையைச் சோதித்தது. இப்போது யோசித்தால் வேறு எப்படியும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டினால் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு சாறு. அதில் அன்னபேதியைக் கரைத்ததும் கண்ணெதிரே கருக்கும். பிசின் சேர்ப்பது மை இறகில் நின்று மெதுவாக இறங்குவதற்காக. இந்த மையின் குணம் என்னவென்றால், எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் விழும். காற்றுப் படப்படக் கறுத்து, மறுநாள் பார்த்தால் நல்ல கறுப்பாக நிற்கும். ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதும் ஒருத்திக்குத் தான் எழுதிய வரியே அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும் என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, அந்த மையில் நாலு வரி எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மையில் அமிலம் உண்டு. அழுத்தி எழுதிய இடங்களில் தாளை மெல்ல அரித்து, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் பழுப்பாக ஊறித் தெரியும். 250 வருஷத்துக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பிரித்தறியப் பழக வேண்டியிருப்பது இதனால்தான்.

இறகுப் பேனா சினிமாவில் காட்டுகிற மாதிரி இருக்காது. பெருவாத்தின் இறக்கையில் முன்வரிசை இறகுகள்தான் உதவும். வலது கையால் எழுதுகிறவருக்கு இடது இறக்கை இறகு வசதி. அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கம் போகும். தூவியை முக்கால்வாசி சீவி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் வைத்துக்கொள்கிறோம். தண்டைச் சுடுமணலில் செருகி எடுத்தால் உள்ளே இருக்கும் ஈரச் சவ்வு காய்ந்து, வெளித்தோல் உரிந்து, கண்ணாடிப் பதத்தில் இறுகும். பிறகு பேனாக்கத்தி. சாய்வாக ஒரு வெட்டு. அதன்மேல் குழிவாக இன்னொரு வெட்டு. நுனியில் கத்தி முனையை லேசாக ஊன்றி, கட்டைவிரலால் கீழிருந்து நெம்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு நேர்க்கோட்டில் பிளவு ஓடும். இரண்டு தோள்களையும் ஒரே அளவில் செதுக்கி, கடினமான பலகைமேல் வைத்து முள்ளின் நுனியை ஒரே வெட்டில் முடிக்க வேண்டும். இரண்டாவது வெட்டு வெட்டினால் நுனி மழுங்கும்.

இப்படி வெட்டிய பேனா வெகுநேரம் உழைக்காது. ஒரு முக்கலில் ஒரு வரி வரும், நல்ல பேனாவானால் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முக்கலுக்கும் எழுத்து கறுப்பாகத் தொடங்கி வெளுத்துக்கொண்டே போகும். பக்கம் போகப் போக முள் தேய்ந்து கோடு தடிக்கும். பிறகு கத்தியை எடுத்து மறுபடி சீவ வேண்டும். டீச்சர் பழைய கடிதங்களின் படங்களைக் காட்டி முதலில் சொன்னது, “சொற்களைப் படிக்காதீர்கள், மையைப் படியுங்கள்” என்பது. எங்கே முக்கினார், எங்கே நிறுத்தினார், எங்கே பேனாவைச் சீவினார், எங்கே வேறு நாளில் வந்து உட்கார்ந்தார் என்று பார்க்கச் சொன்னார். அந்தப் பழக்கம் வந்த பிறகு அச்சுப் புத்தகத்தில் இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறது.

மடிப்பு எனக்குச் சுலபமாக வந்தது. அன்றைக்கு உறை கிடையாது. தபால் கூலி தாள் எண்ணிக்கையைப் பொறுத்தது. உறை என்றால் இன்னொரு தாள். கடிதத்தையே மடித்து, ஒரு முனையை இன்னொன்றில் செருகி, சேர்மானத்தில் அரக்கோ மாவுப்பசை வில்லையோ வைத்து ஒட்டி, வெளியே தெரியும் வெற்றுப் பகுதியில் விலாசம் எழுதுவார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர் பசையில்லாமல் பொட்டலம் மடிக்கிற அதே கை வேலைதான். பிரிக்கிறவர் அவசரத்தில் கிழித்தால் அரக்கோடு ஒரு துண்டுத் தாளும் போய்விடும். அதில் இருந்த சொற்கள் போனது போனதுதான். பதிப்பாசிரியர்கள் அடைப்புக்குறி போட்டு ஊகித்து நிரப்பும் இடங்களில் பல இப்படி உண்டானவை. கடிதம் எழுதிக்கொண்டே வரும்போது, முத்திரை விழப்போகும் இடத்தை நினைவில் வைத்து அங்கே எழுதாமல் விட வேண்டும். எவ்வளவு சொல்ல மிச்சமிருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்ற கணக்கு எழுதுகிறவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு டீச்சர் கொடுத்த முதல் கடிதம் 1775 ஜூன் 18-ஆம் தேதியிட்டது.

ஜான் ஆடம்ஸ் வழக்கறிஞர். 1774-இல் மாசசூசெட்ஸின் பிரதிநிதியாக, அமெரிக்கக் குடியேற்றங்கள் கூட்டிய காண்டினென்டல் காங்கிரஸுக்குப் பிலடெல்பியா போனவர், அடுத்த பத்து வருஷத்தில் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. 1797-இல் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனார். அபிகேல் 1744-இல் வேமத் ஊர்ப் பாதிரியார் வீட்டில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை, 1764-இல் கல்யாணம். பிரெயின்ட்ரீயில் பென்ஸ் குன்றின் அடிவாரத்தில் வீடு. ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்தது போக நான்கு பிள்ளைகள், நிலம், மாடுகள், கூலியாட்கள், வரி, வரவேண்டிய பாக்கி. கணவர் கிளம்பிப் போனதும் இவ்வளவும் அவர் தலையில். இருவரும் எழுதிக்கொண்டதில் 1,100-க்கு மேற்பட்ட கடிதங்கள் நிலைத்திருக்கின்றன. குடும்பத்தார் 1956-இல் எல்லாவற்றையும் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 17 சனிக்கிழமை பிரிட்டிஷ் படையோடு பங்கர் ஹில் சண்டை. அபிகேல் ஏழு வயது மகன் ஜான் குவின்சியைக் கூட்டிக்கொண்டு குன்றின் மேலேறிப் பார்த்தார். சார்ல்ஸ்டவுன் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்து கணவருக்கு எழுதுகிறார். குடும்ப நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் சண்டையில் இறந்துவிட்டார், பீரங்கிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. கொஞ்சம் எழுதியதும் மனதைத் திரட்டி மேற்கொண்டு எழுத முடியவில்லை என்று நிறுத்திவிடுகிறார். அதே தாளில் தொடர்வது செவ்வாய்க்கிழமை.

நகல் எடுக்கும்போது அந்த ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவே டீச்சர் என்னையும் நிறுத்தச் சொன்னார். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்து வந்து தொடர வேண்டும். ஏன் என்று கேட்டேன். ஒரே மூச்சில் எழுதினால் கை ஒரே கையாக இருக்கும், அது பொய் என்றார். இரண்டு நாள் கழித்து எழுதினேன். பேனா புதுசாகச் சீவியது, மை சற்றுக் கெட்டிப்பட்டிருந்தது. எழுத்து வேறாகத்தான் விழுந்தது. இரண்டு கடிதங்கள் ஒரே தாளில் இருப்பதாகப் பார்த்த உடனே தெரியும்.

அதே ஜூன் மாதத்துக் கடிதம் ஒன்றில் குண்டூசி கேட்டிருக்கிறார். பாஸ்டன் துறைமுகம் அடைபட்டிருந்ததால் குண்டூசிக்குத் தட்டுப்பாடு. விலை கிட்டத்தட்ட மும்மடங்கு ஆகிவிட்டது, அதற்கும் கிடைக்கவில்லை. ஆறாயிரம் ஊசி கொண்ட கட்டு ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள் என்று பழைய விலை, புது விலை, தான் கொடுக்கத் தயாராக உள்ள விலை மூன்றையும் குறிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடிதம்தான். ஊசியா, ஆறாயிரமா என்று சிரிப்பார்கள். உடுப்பு முழுக்க வீட்டிலேயே தைத்து, ஊசியால் குத்தி உடுத்திய காலம் என்று விளக்கினால் சிரிப்பு அடங்கி, எண்ணத் தொடங்குவார்கள். ஊசியைக் கேட்கிற அதே கை சில நாட்களில் போர்க்களத்தை எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே மை, ஒரே மேசை. அரசியல்வாதியின் மனைவி என்றால் கணவர் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர் என்று நினைக்கிற எவரிடமும் இந்த இரண்டு நகல்களையும் சேர்த்துக் கொடுக்க எனக்கு ஆசை.

நான் அதிக நாள் செலவழித்தது 1776 மார்ச் 31-ஆம் தேதிக் கடிதத்தில். புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களை மறக்க வேண்டாம், கணவர்கள் கையில் வரம்பில்லாத அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அவர் எழுதியது இதில்தான். அந்தச் சில வரிகள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. கோப்பையிலும் சட்டையிலும் அச்சடித்து விற்கிறார்கள். முழுக் கடிதத்தையும் படித்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று கடிதத்தோடு பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும்.

கடிதம் குறையில் தொடங்குகிறது: நான் எழுதுவதில் பாதி நீளமாவது நீங்கள் எழுதக்கூடாதா என்று. பிறகு படையின் நிலவரம். வர்ஜீனியாக்காரர்களைப் பற்றி ஒரு சந்தேகம்: சக மனிதர்களை அடிமையாக வைத்துப் பழகியவர்களுக்குச் சுதந்திரத்தில் மெய்யான ஆசை இருக்குமா? இதைக் கேட்ட கையோடு பாஸ்டனில் உள்ள தங்கள் வீட்டுக்குப் போகிறார். பிரிட்டிஷ் படை மார்ச் 17-இல்தான் ஊரைக் காலி செய்தது. அதன் வைத்தியர் ஒருவர் அந்த வீட்டில் தங்கியிருந்தார். வீடு அழுக்கு, மற்றபடி சேதமில்லை என்று தகவல். பெரியம்மை பயத்தால் தானே போய்ப் பார்க்கவில்லை. பிறகு வசந்தம் வந்த சந்தோஷம். போன மாதம் விதைத்தால் அறுப்போமா என்று தெரியாமல் இருந்தது, இப்போது நம் நிலம் நமக்கு என்ற நிம்மதி. அந்த நிம்மதி வந்த பிறகுதான், சுதந்திரப் பிரகடனத்தை எதிர்பார்த்து, பெண்களைப் பற்றிய பேச்சு வருகிறது. அதோடும் கடிதம் முடியவில்லை. ஏப்ரல் 5-இல் மறுபடி உட்கார்ந்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் சாவைச் சொல்கிறார். வெடியுப்பு தயாரிக்கிறீர்களா என்று கணவர் கேட்டிருந்ததற்கு, குடும்பத்துக்கு உடுக்கத் துணி செய்வதற்கே பொழுது சரியாக இருக்கிறது என்று பதில்.

இதைக் கையால் எழுதிப் பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். பெண்களைப் பற்றிய பகுதிக்கு முன்னால் தனிப் பத்தியோ முகவுரையோ கிடையாது. முற்றுப்புள்ளிகளும் குறைவு, சிறு கோடுகள், நினைத்த இடத்தில் பெரிய எழுத்து, காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டல். நிலம், வீட்டின் அழுக்கு, நோய், விதைப்பு என்று வரும் ஓட்டத்திலேயே அரசியலும் வருகிறது. கணவர் இல்லாத வீட்டை நடத்துகிறவர் என்ற தகுதியில்தான் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். அன்றைய சட்டப்படி மணமான பெண்ணுக்குச் சொத்து கிடையாது; அவர் சம்பாதித்தாலும் கணவருடையது. அந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்துகொண்டு அத்தனை சொத்தையும் கட்டிக் காப்பவர் எழுதுகிற வரி அது. அதை மட்டும் வெட்டி எடுத்து அச்சடிக்கும்போது அது நல்ல முழக்கம். கடிதத்தில் இருக்கும்போது அது ஒரு நிர்வாகியின் முறையீடு.

ஜான் ஏப்ரல் 14-இல் எழுதிய பதிலில் சிரிக்கிறார். பிள்ளைகளும் வேலைப் பயிற்சியில் உள்ள பையன்களும் கீழ்ப்படிய மறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம், இப்போது பெண்களுமா என்கிறார். மே 7-இல் அபிகேல் விடவில்லை: எல்லா நாடுகளுக்கும் விடுதலை என்று முழங்கிக்கொண்டு மனைவியர் மேல் முழு அதிகாரத்தையும் வைத்துக்கொள்வது பெருந்தன்மையாகத் தெரியவில்லை என்று நேராகச் சொல்கிறார். இடையில் ஏப்ரல் 27-இல் தோழி மெர்ஸி ஓடிஸ் வாரனுக்கு எழுதி, கணவரின் பதிலைச் சொல்லி நியாயம் கேட்டிருக்கிறார். இந்த நாலு கடிதத்தையும் ஒரே கட்டாகத் தர வேண்டும் என்று டீச்சரிடம் பிடிவாதமாகச் சொல்லி வாங்கினேன். பிள்ளைகள் சிரித்த பதிலையும் படிக்கட்டும், சிரிப்புக்கு வந்த பதிலையும் படிக்கட்டும்.

அபிகேல் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதற்கும் ஒரு கடிதமே சாட்சி. 1776 ஜூலையில் பிள்ளைகளோடு பாஸ்டன் போய் எல்லோரும் அம்மை குத்திக்கொண்டார்கள். பெரியம்மையின் பாலைக் கீறலில் வைத்து லேசான நோயை வரவழைக்கும் பழைய முறை. முழுதும் தேற வாரக்கணக்கில் ஆகும். ஜூலை 18-இல் ஊர்ச் சபை மாளிகையின் மாடத்திலிருந்து சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் நின்று கேட்டார். ஆகஸ்ட் 29-ஆம் தேதிக் கடிதத்தில், தங்கியிருந்த சித்தி வீட்டு அறையைப் பற்றிச் சொல்கிறார். படுக்கையறையை ஒட்டி ஒரு சிறு உள்ளறை, பூந்தோட்டம் பார்த்த சன்னல், புத்தக அலமாரிகள், ஒரு சின்ன மேசை. அங்கே யாருடைய தொந்தரவும் இல்லாமல் கடிதம் எழுதவும் தாள்களைப் பத்திரப்படுத்தவும் முடிகிறது, தனக்கும் அப்படி ஓர் அறை வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு என்கிறார். பிரெயின்ட்ரீயில் அவருக்கு அது இல்லை. அந்த வீடு இப்போது குவின்சி நகரில் தேசியப் பூங்காவின் பொறுப்பில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சாய்ந்த கூரை, தாழ்ந்த அறைகள். நான்கு பிள்ளைகளும் வேலையாட்களும் நடமாடும் அந்த வீட்டில் தாள், மைக்கூடு, கத்தி, மணல் டப்பா எல்லாவற்றையும் விரித்து வைக்க எந்த மூலை கிடைத்திருக்கும் என்றுதான் கண் தேடியது. இந்தத் தொழிலைத் தொடாமல் போயிருந்தால் அடுப்படியைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

1777 ஜூலைக் கடிதங்களை டீச்சர் எனக்குக் கொடுக்கத் தயங்கினார். நானே கேட்டு வாங்கினேன். ஜான் ஜனவரியில் மறுபடி கிளம்பிப் போனபோது அபிகேல் கர்ப்பமாக இருந்தார். ஜூலையில் உடம்பு வெடவெடவென்று நடுங்கிய ஓர் இரவுக்குப் பிறகு, வயிற்றில் இருந்த குழந்தை இறந்துவிட்டதோ என்ற பயம் வந்தது. அதையும் 9-ஆம் தேதி எழுதினார். 10-ஆம் தேதி இரவு வலி கண்ட பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறார். தப்ப முடியாத வலி வருகிறது, பேனாவைக் கீழே வைக்கிறேன் என்கிறார். அது கடந்ததும் எடுத்துத் தொடர்கிறார். 11-ஆம் தேதி பெண் குழந்தை இறந்து பிறந்தது. வீட்டில் தங்கியிருந்த ஜான் தாக்ஸ்டர் 13-ஆம் தேதி தகவல் எழுதினார். 16-ஆம் தேதி அபிகேலே எழுதினார்.

பேனாவை வைத்துவிட்டு எடுக்கும் அந்த இடம் எனக்கு எழுத வரவில்லை, கை விறைத்தது. இறகு முள்ளில் மை நின்றால் சீக்கிரம் உலர்ந்து அப்பிக்கொள்ளும். எடுத்தவுடன் எழுத முடியாது. துடைத்து, நாக்கிலோ தண்ணீரிலோ நனைத்து, மறுபடி முக்க வேண்டும். வலி விட்ட இடைவெளியில் ஒருத்தி இதையெல்லாம் செய்துதான் அடுத்த சொல்லை எழுதியிருக்கிறாள். எதற்காக? பிலடெல்பியாவுக்கு முந்நூறு மைலுக்கு மேல். கடிதம் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும், கணவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று அபிகேலுக்குத் தெரியும். டீச்சரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக ஒரு பேனா சீவிக் கொடுத்தார். என் எண்ணம் இது: கணவர் அறையில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவரிடம் பேசியிருப்பார், இல்லாததால் எழுதினார். அவருக்கு இருந்த ஒரே வாசல் அது.

அந்த மாதம் முடிவதற்குள், 30-31 தேதிகளில், அதே கை பாஸ்டன் காப்பிக் கலகத்தை எழுதுகிறது. சர்க்கரைக்கும் காப்பிக்கும் தட்டுப்பாடு. வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பணக்கார வியாபாரி ஒருவர் நியாய விலைக்குக் காப்பி கொடுக்க மறுத்தார். நூறு பேர் என்று சிலரும் அதற்கும் மேல் என்று சிலரும் சொன்ன பெண்கள் கூட்டம் வண்டியோடு அவர் கிடங்குக்குப் போனது. சாவி கேட்டார்கள். கொடுக்காததால் ஒருத்தி அவர் கழுத்தைப் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டாள். சாவி வந்தது. கிடங்கைத் திறந்து காப்பியைத் தாங்களே எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் பெருங்கூட்டமாக நின்று வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிருபரின் வேகத்தில் இதை எழுதுகிறார். இருபது நாளுக்கு முன்னால் குழந்தையை இழந்தவர். இந்தக் கடிதத்தின் நகலை நான் மகிழ்ச்சியோடு எழுதினேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவரும் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும், வாக்கியங்கள் ஓடுகின்றன.

இந்தக் கடிதங்கள் பிழைத்ததே பெரிது. 1774-இல் அபிகேலே, சட்டைப் பையிலிருந்து எங்கேயாவது விழுந்து அம்பலமாகிவிடும், எரித்துவிடுங்கள் என்று கணவரிடம் கேட்டிருக்கிறார். பயத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. 1775 கோடையில் ஜான் அவருக்கு எழுதிய கடிதமும் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதமும் பிரிட்டிஷார் கையில் சிக்கி, பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகி, காங்கிரஸில் சக உறுப்பினரைக் கேலி செய்தது ஊரெல்லாம் தெரிந்தது. ஜான் எரிக்கவில்லை. 1776 ஜூனில் தான் எழுதுவதைப் பிரதி எடுக்கப் பெரிய நோட்டு ஒன்று வாங்கிவிட்டு, உன் கடிதங்கள்தான் என்னுடையவற்றைவிடக் காப்பாற்றத் தகுந்தவை என்று அவருக்கு எழுதினார். எனக்கு ஜானைப் பிடித்துப்போன இடம் இது. பேரன் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் 1840-இல் பாட்டியின் கடிதங்களை அச்சிட்டபோது எழுத்துப்பிழைகளைத் திருத்தி, வேண்டாதது என்று பட்டதை விலக்கினார். பாட்டி எழுதிய கோலத்திலேயே அச்சில் வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நான் எடுக்கப்போவது 1778-க்குப் பிந்தியவை. அந்தப் பிப்ரவரியில் ஜான், பத்து வயது ஜான் குவின்சியோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். அதுவரை வாரக்கணக்கில் வந்த பதில் மாதக்கணக்கில் ஆனது. எதிரிக் கப்பல் நெருங்கினால் தபால் பையில் கனமான பொருளைக் கட்டிக் கடலில் போட்டுவிடுவார்கள். சங்கேத எழுத்தில் எழுதச் சொன்னார்கள். அபிகேலுக்கு அது பிடிக்கவில்லை. கணவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய கைக்குட்டை, ரிப்பன், தேயிலை, பீங்கான் ஆகியவற்றை விற்றுக் குடும்பம் நடத்தியதும் இந்தக் காலத்தில்தான். இன்ன நிறம் விற்கிறது, இன்னது வேண்டாம் என்று கடிதங்களில் சரக்குக் குறிப்புகள். 1784-இல் அவரே கப்பலேறிப் போய்ச் சேரும்வரை, ஜான் இடையில் 1779-இல் சில மாதம் வந்து போனது தவிர, எல்லாம் தாளில்தான்.

கடல் கடந்து எழுதியவர்கள் முக்கியக் கடிதங்களைப் பிரதி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒன்று மூழ்கினாலும் ஒன்று சேரட்டும் என்று. ஆகவே இந்தக் கட்டில் ஒரே கடிதத்தை இரண்டு முறை எழுதி, இரண்டையும் தனித்தனியாக மடித்து முத்திரை வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து, ஒன்றை மட்டும் பிரிக்க விடப்போகிறார். மெல்லிய தாள் வந்துவிட்டது. மாசிக்காய் ஊறிக்கொண்டிருக்கிறது, இந்த முறை அம்மா மதுரையிலிருந்து அனுப்பியது.